தாம்பூலப் பைகள் பூத்த வயல்

செங்கோடன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு லாரி ஓட்டுநர். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் நான் வேலை பார்க்கும், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில், காலையில் வந்த கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். லோடு இறக்க வந்தவர் பக்கத்தில் வந்து நின்றார். "சேதி தெரியுங்களா சார்? நம்ம பை சார் போயிட்டாருங்க. தூக்கத்துலயே."

டாக்டர் செங்கோடன் என்றால் இந்தத் தாலுகாவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பை சார் என்றால் குழந்தைகளுக்கும் தெரியும். மலையடிவாரத்தில் இருக்கும் கிழங்கு ஆராய்ச்சிப் பண்ணையில் அவர் புது ரகங்களை உருவாக்கும் வேலையில் இருந்தார். நான் பயிர்நோய்ப் பிரிவில் இருந்தேன். அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். அவர் என்னை 'ஏம்பா' என்பார், நான் 'அண்ணா' என்பேன். அவரோடு பல வருடம் பேசாமலும் இருந்தேன். அதையும் சொல்லாமல் எழுதினால் இது அவரைப் பற்றியதாக இருக்காது.

பெயர்க் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மரவள்ளியை நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம். குச்சியை வெட்டி நட்டால் போதும், வருவது தாய்ச்செடியின் அச்சாக இருக்கும். அதில்தான் ஆபத்து. ஊர் முழுக்க ஒரே ரகத்தை நட்டால், ஒரு செடியைச் சாய்க்கிற தேமல் நோய் ஊர் முழுவதையும் சாய்த்துவிடும். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பூவிடம் போகவேண்டும். பெண் பூ விரியும் முன் பையால் மூடி, விரிந்ததும் நாம் விரும்பும் செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைத்து, மறுபடியும் மூடவேண்டும். காய் முற்றினால் பட்டென்று வெடித்து விதையைச் சிதறடித்துவிடும். அதைப் பிடிக்கவும் பை வேண்டும்.

பை கேட்டு மேலிடத்துக்கு எழுதினால், பூவுக்கு எதற்குப் பை என்று கேட்டுக் காகிதம் திரும்பி வரும். செங்கோடன் இரண்டாம் முறை எழுதவில்லை. கல்யாணங்களுக்குப் போனார். அப்போது மெல்லிய துணியில் தைத்த சின்னத் தாம்பூலப் பைகள் பரவலாக இருந்தன. பெண், மாப்பிள்ளை பெயர் அச்சடித்து, வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுப்பார்கள். மண்டப வாசலில் நின்று, "சாப்பாடு வேண்டாங்க, பை மிச்சம் இருந்தா குடுங்க" என்று கூச்சமில்லாமல் கேட்பார். என் கல்யாணத்தில் சாப்பாட்டையும் விடவில்லை. இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டு ஒரு கட்டுப் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

ஒரு கல்யாணத்துப் பைகள் முழுவதையும் ஒரே கலப்புக்குப் போடுவார். காகிதத்தில் எண் இருந்தாலும், வயலில் வேலை செய்த பெண்கள் பையில் இருந்த பெயரைத்தான் சொன்னார்கள். அந்தக் கலப்பில் தேறிய செடிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மாதம்மா என்ற பெண் வரப்பில் நின்று கத்துவார்: "சார், செல்வி மாப்பிள்ளைக்குத் தேமல் வந்துடுச்சுங்க!" கேட்டுக்கொண்டு போகிறவர்கள் மிரண்டு திரும்பிப் பார்ப்பார்கள்.

என் பெயர் குமரேசன், மனைவி தேன்மொழி. எங்கள் பையில் பிறந்த செடிக்குச் சித்தேரி மலையில் ஒரு வீட்டுப் புழக்கடையிலிருந்து வந்த முரட்டு ரகம் ஒரு பக்கத்துச் சொந்தம். கிழங்கு விரல் பருமன். மாதம்மா நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார். "தேன்மொழின்னு பேரை வச்சுக்கிட்டு இந்தக் கசப்பு கசக்குது! மாப்பிள்ளை பக்கம் போயிருக்குதுங்க சார்." செங்கோடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்தச் செடியின் இலையில் ஒரு மஞ்சள் புள்ளிகூட இல்லை என்பதைக் கவனித்து எழுதி வைத்தேன். அது என் வேலை.

பிறகு ஒரு நாள் பண்ணையில் அந்தக் கூட்டம் நடந்தது. புதிதாகப் பொறுப்பேற்ற அதிகாரிக்கு எல்லா ரகங்களையும் காத்து வைக்கும் தொகுப்பு வயல் கண்ணை உறுத்தியது. "எடை இல்லை, பாயிண்ட் இல்லை, பாதி கசக்குது. வருசா வருசம் கூலி குடுத்து எதுக்கு நடறீங்க?" என்றார். குச்சிக்கிழங்குத் தொகுப்பை விதைபோல டப்பாவில் போட்டு வைக்க முடியாது. வருடந்தோறும் வெட்டி மறுபடி நட்டால்தான் உயிரோடு இருக்கும். ஒரு வருடம் விட்டால் போயிற்று. இதைச் சொல்லி நான் சண்டை போட்டேன். குரலை உயர்த்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செங்கோடன் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. வயலில் நல்ல மகசூல் கொடுக்கும் சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றதை உழுதுவிடுவது என்று முடிவானது. என்னைக் கடற்கரைப் பக்கம் மாற்றினார்கள். அங்கே கிழங்கே கிடையாது. வேலையை விட்டுவிட்டேன். அந்த அதிகாரியை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. செங்கோடனை அதைவிட அதிகமாக வெறுத்தேன்.

சேகோ ஆலைக்கு வந்து சில வருடம் கழித்து ஒரு விவசாயி இலையோடு என்னைத் தேடி வந்தார்.

"சார், நீங்க செடிக்கு வைத்தியம் பாக்கறவருன்னாங்க. எங்க கவிதா-முருகேசனுக்கு இலை சுருங்குதுங்க."

"யாருக்கு?"

"எம் பொண்ணு, மாப்பிள்ளை பேருல இருக்கற செடிங்க. பை சார் குடுத்தாரு. வருசா வருசம் தையில வந்து, குச்சி வெட்டி நட்டாச்சான்னு பாத்துட்டுத்தான் போவாரு. இது வாடுனா பொண்ணு குடித்தனத்துக்கு ஆகாதுன்னு எங்க வூட்டுல ஒரே அழுவாச்சி."

தண்ணீர் அதிகமாகப் போயிருந்தது. அதைச் சொல்லி அனுப்பிவிட்டு, அன்று மாலையே செங்கோடன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், நேற்றுதான் பார்த்ததுபோல, "வா, உக்காரு. முறுக்கு இருக்குது" என்றார்.

"அன்னைக்கு ஏங்ணா பேசலை?"

"ரெண்டு பேரும் கத்தினா வயலை மறுநாளே உழுதிருப்பாங்க. நீ ஒருத்தன் கத்தினியா, ஆபீஸ் பூராவும் உன்னையே வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் அதுக்குள்ள குச்சி வெட்டிக்கிட்டேன்."

வெட்டிய குச்சிகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, பைகளில் இருந்த பெயர்களைப் பார்த்து வீடு வீடாகப் போயிருக்கிறார். 'உங்க பேருல ஒரு செடி இருக்குதுங்க' என்று சொன்னால் எந்த வீடு வேண்டாமென்னும்? தன் மகள் பெயர் கொண்ட செடியை எந்தத் தாய் காயவிடுவாள்? ஒரு வீட்டில் மட்டும் தம்பதி பிரிந்தார்கள். பெண்ணின் தாய் செடியைப் பிடுங்கித் தெருவில் எறிந்துவிட்டார். அந்த ரகம் அதோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவர், மாப்பிள்ளையின் தாய் முன்பே ஒரு குச்சி கேட்டு வாங்கி வைத்திருந்ததை அடுத்த தையில்தான் கண்டுபிடித்தார். "சம்பந்தி சண்டையில பொழைச்ச ரகம்பா அது" என்றார்.

"என் செடி?"

"பத்திரமா இருக்குது. உனக்கு இப்பத் தரமாட்டேன். கோவத்துல புடுங்கிப் போட்டுடுவ."

என் வேலை போன வழியில் அவருக்குக் குச்சி கிடைத்தது. அந்தக் கூட்டத்தில் அவர் பேசியிருக்கவேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அன்று முறுக்கைத் தின்றேன். அதன்பின் ஞாயிறுதோறும் போனேன்.

தேமல் மறுபடி பரவியபோது, வயல்கள் மஞ்சளாகச் சுருண்டன. பண்ணையில் இப்போது இருக்கும் பெண் விஞ்ஞானி, நோய் தாங்கும் தாய்ச்செடி தேடி அவரிடம் வந்தார். செங்கோடன் வீடுகளிலிருந்து குச்சிகளைத் திரட்டிக் கொடுத்தார். அதில் நோய் அண்டாமல் நின்ற சிலவற்றில் எங்கள் செடியும் ஒன்று. அதைத் தனியாக யாரும் பயிரிடமாட்டார்கள். ஆனால் அந்தக் குணத்தை நல்ல கிழங்கு கொடுக்கும் ரகத்தோடு சேர்க்க இப்போது பூக்களுக்குப் பை கட்டியிருக்கிறார்கள். குச்சிதான் பண்ணைக்குப் போய்விட்டதே, இனி வீடுகளில் எதற்கு என்று செங்கோடனிடம் கேட்டேன். "ஆபீஸ்ல ஒண்ணு, வூட்டுல ஒண்ணு. அதிகாரி மாறுவாங்கப்பா. மாமியாருங்க மாறமாட்டாங்க."

அவருடைய காரியத்தன்று வீட்டு வாசலில் நல்ல கூட்டம். சாப்பிட்டு முடித்ததும் யாரும் போகவில்லை. கவிதாவின் அப்பாதான் கேட்டார்: "தை வந்தா இனிமே யாருங்க வந்து பாப்பாங்க?" அண்ணி என்னைக் காட்டினார். நான் ஒன்றும் ஒப்புக்கொண்டிருக்கவில்லை. ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வர்றேங்க" என்றேன். கிளம்பும்போது அண்ணி புழக்கடை நிழலில் சாத்தியிருந்த ஒரு குச்சிக் கட்டை எடுத்து வந்து கொடுத்தார். "உங்க பேருல இருக்கறதுங்க. வேற எந்த வூட்டுக்கும் குடுக்காம அவரே வச்சிருந்தாரு. கசக்குதே, எதுக்குங்கன்னு கேட்டா, இன்னைக்கு வெட்டி எறிஞ்சா நாளைக்கு எந்தக் கடையில வாங்கறதும்பாரு."

அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரோரம் நட்டிருக்கிறேன். துளிர் விட்டாயிற்று. "தின்ன முடியாததை எதுக்கு வளக்கறீங்க?" என்கிறாள் தேன்மொழி. தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான். செங்கோடன் மீதான கோபத்தையும் வைத்திருக்கிறேன், அவர் காத்துக் கொடுத்த குச்சியையும் வைத்திருக்கிறேன். குச்சியை மட்டும் வருடந்தோறும் மறுபடி நடவேண்டும்.