அணுக்கப்பல் மாப்பிள்ளை

உதிரிப்பாகம் விற்கிறவனிடம் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. ஏதாவது உடைந்தால், தொலைந்தால்தான் அவன் நினைவே வரும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று காலம் தள்ளியவர்களே, உங்களுக்கு இது புதிதல்ல. தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் நான் விற்றவை, அணுசக்தியில் ஓடும் விமானந்தாங்கிக் கப்பலின் உதிரிப்பாகங்கள். பயப்படாதீர்கள், கப்பலின் நீளமே இரண்டு முழம்தான். பிளாஸ்டிக் துண்டுகளைப் பசை பூசி ஒட்டிச் செய்யும் மாதிரிக் கப்பல். துண்டு குறைந்தவர்களும் உடைத்தவர்களும் என்னிடம் வருவார்கள்.

சித்தப்பாவின் கைவண்ணம்

அந்த நேரம் பார்த்து எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பார்க்டேலில் இருந்த என் சித்தப்பா, விட்பியில் இருந்த பெண் வீட்டாரிடம் என் வேலையை அப்படியே சொன்னார், 'பிளாஸ்டிக்' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு. சுகந்தியின் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு அவள்தான் வேண்டும். உண்மை தெரிந்தால் காரியம் கெட்டது! புலம்பினேன். சித்தப்பா அசரவில்லை. "ஆரும் கேட்டால் தலையை மட்டும் ஆட்டு, ரகசிய வேலை எண்டு சொல்லிப்போட்டன்."

நாயும் விமானமும்

அந்த நாட்களில் ஒருநாள் போனில் ஒரு பெண்மணி. கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் குட்டி விமானம் ஒன்று அவசரமாக வேண்டுமாம். பழையதை நாய் விழுங்கிவிட்டது. "ஐயோ, நாய்க்கு ஒன்றுமில்லையே?" என்றேன். "நாய் நன்றாக இருக்கிறது, விமானமும் நேற்று வெளியே வந்துவிட்டது, என் புருஷன் அதைக் கழுவி ஒட்டுவதற்கு முன்னால் புதியதை அனுப்பு!"

உலை எங்கே?

பிக்கரிங்கிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்தார். அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கிறவர். பெட்டியில் அணுசக்திக் கப்பல் என்று போட்டிருக்கிறது, உள்ளே அணு உலையைக் காணோம் என்று கவுண்டரில் தட்டினார். கப்பலின் வயிறு வெறும் கூடு என்று சொல்லிப் பார்த்தேன். மனுஷன் நகர்வதாக இல்லை. அலுத்துப்போய், வேறொரு கப்பலின் இரண்டு தண்ணீர்த் தாங்கிகளை எடுத்து, இதுதான் உலை என்று கொடுத்தேன்.

அங்கேயே நின்று அவற்றை உள்ளே ஒட்டி, மேல்தளத்தைப் போட்டு மூடினார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "இனி இது யார் கண்ணுக்கும் தெரியாதே?" என்றேன். "நல்ல உலை என்றால் அது இருக்கிற நினைப்பே யாருக்கும் வரக்கூடாது."

வாசலில் நின்ற மாமனார்

பொருத்தம் எல்லாம் சரி என்றார்கள். பிறகு திடீரென்று பெண் வீட்டில் பேச்சுமூச்சில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சுகந்தியின் அப்பா கடை வாசலில் வந்து நின்றார். அவருக்கு ஹைவேயில் ஓட்டப் பயம், அதனால் சுகந்திதான் காரை ஓட்டி வந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். ஒரு அடி பின்னால் போனார்.

"தம்பி, குறை நினையாதேயும். அணுக்கதிர் படுற ஆளுக்குப் பிள்ளை பிறவாதாம் எண்டு மனிசி ஒரே அழுகை. நாங்கள் வேறை இடம் பாக்கிறம். உதைப் போனிலை சொல்லுறது மரியாதையில்லை எண்டுதான் வந்தனான்."

சித்தப்பாவாவது, ரகசியமாவது! அங்கிளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேசையின் எல்லா லாச்சிகளையும் இழுத்துத் திறந்தேன். அரிசி அளவு விமானச் சில்லுகளை அவர் உள்ளங்கையில் கொட்டினேன். "எல்லாம் பிளாஸ்டிக், அங்கிள்! விளையாட்டுக் கப்பல்! கதிருமில்லை, கத்தரிக்காயுமில்லை!" என்று கத்தினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பெரிய உத்தியோகம் போன கவலையும் பேரப்பிள்ளை வரும் சந்தோஷமும் அவர் முகத்தில் மல்லுக்கட்டின. பின்னாலேயே உள்ளே வந்துவிட்ட சுகந்தி என்னையும் கப்பலையும் மாறி மாறிப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, பிள்ளையளும் பிறக்கும், விளையாட்டுச் சாமானும் சும்மா கிடைக்கும், ஓம் எண்டு சொல்லுங்கோ!"

ஆகவே மகாஜனங்களே, மாப்பிள்ளையின் வேலையைப் பெருப்பித்துச் சொல்வதென்றால் தயவுசெய்து டீசல் கப்பலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.