முறை வைத்துக் கரண்ட் விட்ட வாரம்

நகரிக்குப் பக்கத்து நெசவு ஊர் ஒன்றில், ஒரு கோடை மதியம் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. கருகிய ஆயில் வாடை தெரு முழுக்க அடித்தது. பவர்லூம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றதால், பக்கத்து வீட்டில் பேசுவதுகூடக் கேட்டது. அந்த ஊரில் பகலில் அது கேட்காது.

நான் லைன்மேனுக்குக் கான்ட்ராக்ட் ஹெல்பர். எட்டாவதைப் பாதியில் விட்டவன். குப்பம் பக்கம் போர்வெல் போடுகிற வண்டியில் இருந்தேன், திருப்பதியில் ஒரு லாட்ஜில் ஜெனரேட்டர் ஓட்டினேன், ஸ்ரீசிட்டியில் கேன்டீன் பாத்திரம் கழுவினேன். எங்கேயும் நிலையாக நின்றதில்லை. இந்த வேலையில்தான் நின்றேன். புதிதாக வருகிற பையன்கள் கம்பம் ஏறுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கம்பம் ஏறுவது பழகிவிடும். ஒரு வாசலில் நின்று "அணைச்சிடுங்க" என்று சொல்வது பழகாது.

1. சின்ன டிரான்ஸ்ஃபார்மர்

எங்கள் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால், ஊர்க்காரர்களே டிராக்டர் பிடித்து ரிப்பேர் ஷெட்டுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். எரிந்தது நூறு கேவிஏ. அங்கே தயாராக இருந்தது அறுபத்துமூன்று. பெரியது வர ஒரு வாரமாகும் என்றார்கள். இருப்பதைக் கொண்டுவந்து மாட்டினோம். எல்லாத் தறியும் சேர்ந்து ஓடினால் இது தாங்காது, வோல்டேஜ் இறங்கிவிடும். அதனால் லைன்மேன் முறை வைத்தார். தெருவின் வடக்குப் பக்கம் காலையில் ஓட்ட வேண்டும். தெற்குப் பக்கம் மதியத்துக்கு மேல்.

2. கடைசி வீடு

முதல் நாள் காலையில் வீடு வீடாகச் சொல்லப் போனது நான். தெற்குப் பக்கத்துப் பெரிய ஷெட்டின் முதலாளி என்னை உட்கார வைத்து மரியாதையாகப் பேசினார். "நீ அந்த முனை திரும்பறதுக்குள்ள அணைச்சிடுவேன்பா, போய்க்கினே இரு" என்றார். முனை திரும்பினேன். அவருடைய தறிச் சத்தம் அப்படியே வந்துகொண்டிருந்தது. திரும்பிப் போய்க் கேட்க வாய் வரவில்லை. அடுத்தடுத்த ஷெட்டிலும் இதே கதைதான்.

அதே தெற்குப் பக்கம், லைனின் கடைசியில் தனலட்சுமி அக்கா வீடு. புருஷன் திருப்பதியில் ஹோட்டல் வேலை. முன்னறையில் இரண்டு தறி, அவரே ஓட்டுகிறார். நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் நகரி முதலாளி ஒருவர் கொடுப்பது. வெள்ளிக்கிழமைக்குள் துணி வராவிட்டால் பாவை எடுத்து வேறு ஷெட்டுக்குக் கொடுத்துவிடுவதாக அந்த முதலாளி சொல்லியிருந்தார். அக்கா இதை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் தறியை நிறுத்தினார். மெயின் பாக்ஸிலிருந்து ஃபியூஸ் கேரியர் மூன்றையும் பிடுங்கி என் கையில் வைத்தார்.

"இத நீயே வச்சிக்க. எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது. எம் முறை வந்ததும் குடு, போதும்."

மதியம் கொண்டுபோய் மாட்டினேன். வடக்குப் பக்கத்தில் ஒருவரும் நிறுத்தவில்லை. அக்காவின் மோட்டார் உறுமியதே தவிர தறியை இழுக்கவில்லை. மோட்டார் காயில் எரிந்துவிடும் என்று நானே அணைத்தேன்.

லைன்மேனுக்குப் போன் போட்டு, முறை மீறுகிற பெரிய ஷெட்டுகளின் லைனைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன்.

"அவுங்க லைன்ல கை வச்சா ஆபீசுக்கு போன் போவும். நான்தான் பதில் சொல்லிக்கினு நிக்கணும். அந்தக்காவையே இன்னும் ரெண்டு நாளு அட்ஜஸ்ட் பண்ணிக்க சொல்லு. அவுங்கன்னா அர்த்தம் பண்ணிக்குவாங்க."

சரி என்றேன். மறுநாள் காலை அதையே சொல்ல அக்கா வாசலில் போய் நின்றேன். அக்கா இந்த முறை மெயின் பாக்ஸைத் திறக்கவில்லை.

"நேத்து காலைல இருந்து ஒக்காந்து, ஊர் தறி ஓடறத கேட்டுக்கினு இருந்தேன். ஏம்ப்பா, எங்கிட்ட மட்டும் இன்னாத்துக்கு வந்தே?"

எல்லாரிடமும் சொன்னேன் என்றேன்.

"எல்லார்கிட்டயும் சொன்னே. எங்கிட்டதான் வாங்கிக்கினு போனே."

அன்றிலிருந்து அவரும் முறை பார்க்காமல் ஓட்டிப் பார்த்தார். கடைசி வீட்டுக்கு வந்துசேர்ந்த வோல்டேஜில் தறி நாலு வீச்சு ஓடும், நிற்கும்.

3. வெள்ளிக்கிழமை

அந்த வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். நகரியிலிருந்து லக்கேஜ் ஆட்டோ வந்தது. முதலாளியின் ஆள் ஒருவன் மட்டும் இறங்கினான். பாவு சுற்றிய பீம் உருளையை ஓர் ஆளால் தூக்க முடியாது. "அண்ணா, ஒரு கை புடிங்க" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டான். நான் போகாவிட்டால் அக்காதான் மறுமுனையைப் பிடிக்க வேண்டியிருக்கும். இறங்கிப் போனேன். இரண்டு தறியிலிருந்தும் பாவை இறக்கித் தூக்கினோம். அக்கா சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். வாசலைத் தாண்டும்போது, "பாத்துப்பா, தலை இடிக்கப் போவுது" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

லோடு குறைக்கச் சொல்லி அனுப்பினால், சொன்னால் கேட்கிற வீட்டுக்குத்தான் நம் கால் தானாகப் போகும். வேலை முடிந்த மாதிரியும் இருக்கும். நான் இப்போது முதலில் பெரிய ஷெட்டில் போய் நிற்கிறேன். அவர்கள் ஸ்விட்சைத் தள்ளாதவரை அடுத்த வாசலுக்குப் போவதில்லை. நேரமாகிறது என்று லைன்மேன் கத்துகிறார். கத்தட்டும்.

நூறு கேவிஏ அடுத்த வாரம் வந்தது. மாட்டியதும், லைனின் கடைசியில் வோல்டேஜ் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். அதற்கு அக்கா வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவரே மோட்டாரைப் போட்டுக் காட்டினார். உறுமலே இல்லாமல் சுற்றியது. பாவு இல்லாத தறி வெறுமனே அடித்தது.

"கரண்ட் நல்லா வருது, எழுதிக்க" என்றார்.

எழுதிக்கொண்டேன்.