ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

அம்மாவுக்கு முடக்குவாதம் என்று பாளையங்கோட்டை டாக்டரம்மா சொன்னபோது நான் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு. எதையும் சோதிக்காமல் நம்பக் கூடாது என்ற திமிர் அப்போதுதான் முளைத்திருந்தது. அம்மாவுக்கு விரல் முட்டுகள் வீங்கி, காலையில் செம்பைக்கூடப் பிடிக்க வராது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது மெத்தோட்ரெக்சேட். ஞாயிற்றுக்கிழமை மட்டும், வாரம் ஒரே நாள்.

தினமும் வலிக்கிற நோய்க்கு வாரம் ஒரு நாள் மருந்தா? அங்கேயே எனக்கு உறுத்தியது. கல்லூரி நூலகத்தில் தடித்த மருந்தியல் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து, ஈரலைக் கெடுக்கலாம் என்று போட்டிருந்தது. மேற்கொண்டு படிக்கப் பொறுமையில்லை. முக்கூடல் பேருந்தைப் பிடித்து வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் நின்றே கொட்டினேன்.

"உனக்குக் கேன்சர்னு மறைக்குதாங்க. இல்லன்னா உம்மேல மருந்தப் போட்டுச் சோதிச்சுப் பாக்குதாங்க. ரெண்டுல ஒண்ணும்மா."

புளியைக் கையால் கரைக்க முடியாமல் கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்த அம்மா, "ஏலே, உன்னயப் படிக்க வச்சது என்னயப் பயங்காட்டவா?" என்றாள்.

தை பிறந்து செவ்வாய் நோன்பு வந்தது. எங்கள் பக்கத்தில் அது பெண்கள் மட்டும் கூடுகிற நோன்பு. உப்பில்லாக் கொழுக்கட்டையை ஆண்பிள்ளை கண்ணில் காட்டக் கூடாது. அங்கே என்ன நடந்தது என்று கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள். அம்மா வாராவாரம் போய் வந்தாள். மாசிக் கடைசியில் அவள் விரல்கள் மடங்கி நிமிர்ந்தன. குடத்தோடு ஆற்றுக்குக்கூடப் போனாள். ஆனால் முகம் ஊதி உருண்டு, வேறு யாரோபோல இருந்தாள்.

"நோன்புக் கொழுக்கட்ட ஒடம்புல ஒட்டிருச்சு போல" என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்திரை வேலையைக் காட்டுகிறது என்று முடிவு கட்டினேன். அம்மாவை இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்தேன்.

"இந்த மருந்து ஆளக் கொல்லுமா, கொல்லாதா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் கன்னத்தை அழுத்திப் பார்த்தார். "வேற என்ன சாப்பிடுதீங்க?"

"ஒண்ணுமில்ல" என்று நான் முந்தினேன்.

"தம்பி, உங்களக் கேக்கல."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "இவன் வெளிய போவட்டும் டாக்டரம்மா. ஆம்பளைக்குச் சொல்லக் கூடாது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் பட்டது. கால் மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டுச் சொன்னார் டாக்டரம்மா. நான் அடுப்படியில் பேசிய நாளிலிருந்து அம்மா அந்த மாத்திரையைத் தொடவே இல்லையாம். நோன்பு வீட்டில் ஒருத்தி கொடுத்த பொடியைத் தினமும் தின்றிருக்கிறாள். நோன்பில் கை மாறியது என்பதால், கொழுக்கட்டையைப் போலவே பொடியையும் ஆண்கள் அறியக் கூடாது என்று வைத்துவிட்டாள்.

"பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு நெனைக்கேன். வலி ஓடிரும், மொகம் இப்படி ஊதும். பின்னால எலும்பு நொறுங்கும், சர்க்கரை ஏறும். அதுக்காவ இப்பச் சட்டுனு நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து. பையப் பையத்தான் கொறைக்கணும்."

"அப்ப மாத்திரை?"

"ஈரலப் பாதிக்கலாம். அதுக்குத்தான மாசாமாசம் ரத்தம் பாக்கச் சொன்னேன்? புத்தகம் பாத்தீங்கன்னு அம்மா சொன்னாங்க, பாதியிலயே மூடிட்டீங்க போல. இந்த நோய் மூட்டோட நிக்காது தம்பி, இதயத்துக்கும் போவும். அடக்காம விட்டவங்க சீக்கிரம் போயிருதாங்க. அடக்கி வச்சா ஆயுசு கூடும்னு நான் நம்புதேன். சத்தியம் பண்ணித் தர முடியாது."

அவர் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு நம்பும்படி இருந்தது.

பேருந்து நிலையத்துக்கு நடக்கையில், "யார் குடுத்தாலும் தின்னுருவியா?" என்று கத்தினேன்.

அம்மா நின்றாள். "மாத்திரையத் தின்னா செத்துப் போவன்னு நீ சொன்ன. பொடியத் தின்னா நல்லாயிருவன்னு அவ சொன்னா. நான் எதய்யா திங்க?"

அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கண் முன்னால் மாத்திரையை விழுங்கினாள். நாக்கை நீட்டிக் காட்டச் சொன்னேன். திட்டிக்கொண்டே காட்டினாள். அடுத்த மாதம் ரத்தம் பார்க்கக் கிளம்பியபோது, நிறுத்தத்தில் எங்களுக்கு முன்பே நோன்புக்குக் கூடுகிற பெண்கள் மூன்று பேர் நின்றார்கள். மூவருக்கும் அதே உருண்டை முகம்.

"இவனும் வாரானாக்கா?" என்று ஒருத்தி இழுத்தாள்.

"வரட்டும். டாக்டரம்மாட்ட நாம பேசுதப்ப வெளிய இருப்பான்" என்றாள் அம்மா.