பசுவுக்கு மறுத்த ஊசி

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகள் சுனாமியில் கடலோடு போன பிறகு நான் எந்த இடத்திலும் நிலையாகத் தங்கவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. கப்பல் எங்கே இறக்கியதோ அங்கே வேலை. அப்படி ஹட் பே துறைமுகத்தில் இறங்கியபோது, வீடிழந்தவர்களுக்குத் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்த ஒரு கான்ட்ராக்டர் தன் மாடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி.

அவரிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. சுனாமியன்று கயிற்றை அறுத்துக்கொண்டு எண்ணெய்ப்பனைத் தோட்டத்து மேட்டில் ஏறிப் பிழைத்த மாடு. அதன்பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே மிரளும். வாளியின் ஓரமாகச் சத்தமில்லாமல் வழியவிட்டுத்தான் நான் அதற்குத் தண்ணீர் காட்டுவேன்.

ஒரு மழைநாளில் அவருடைய லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது செவலையின் இடுப்பில் மோதியது. விழுந்த மாடு எழவில்லை. மாட்டு டாக்டர் வந்தார். சென்னையிலிருந்து வேலைக்கு வந்திருந்த இளம்பெண். சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்து தடவிப் பார்த்தார்.

"இடுப்பெலும்பு நொறுங்கியிருக்கு. இனிமே எழுந்திரிக்காது. துடிக்க விடாதீங்க, ஊசி போட்டுடறேன்."

கான்ட்ராக்டர் காதைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! பசுவக் கொல்லச் சொல்றீகளா? அந்தப் பாவம் என் கையால வேணாம், மேடம். அதுவா போகட்டும்."

காளைக்கன்றுகளை அவர் யாருக்கு விற்கிறார் என்பது கப்பல் துறையில் எல்லாருக்கும் தெரியும். "கன்னுக்குட்டிய அறுக்கக் குடுக்கலியா?" என்று கேட்டேன்.

"அது அறுக்குறவன் பாவம்டா. நீ சாணிய அள்ளு."

டாக்டரின் ஜீப் வரைக்கும் பின்னாலேயே போனேன். "நீங்க போடுங்க மேடம். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"மாட்டோட மாலிக் வேணாம்னுட்டார். அவர் மாடுப்பா. நான் கை வைக்க முடியாது." வலிக்கு மட்டும் ஏதோ மருந்து போட்டுவிட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் அந்த மருந்தின் வேகம் அடங்கிவிட்டது.

புண்ணில் புழு வைத்தது. காக்கைகள் கண்ணைக் குறி வைத்து உட்கார்ந்திருந்தன. நான் கல்லும் கையுமாக நின்றேன். வெள்ளிக்கிழமை கான்ட்ராக்டர் குளித்துவிட்டு வந்தார். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, சாணியில் கிடந்த மாட்டின் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்தார். மாலை போட்டார். பிறகு, நான் தடுப்பதற்குள், செம்புத் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார். அந்தச் சத்தத்துக்கு அது நொறுங்கிய இடுப்போடு எழப் பார்த்தது. அப்போது அது கத்திய கத்தலை என்னால் எழுத முடியாது.

"பாத்தியாடா," என்றார், மனம் குளிர்ந்து. "சாமி தண்ணி பட்டதும் எந்திரிக்கப் பாக்குது!"

அங்கேயே அவரை அடித்திருக்கலாம். அவருடைய ஆட்கள் என்னைத் திருப்பி அடித்திருப்பார்கள். மாட்டுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. அது செத்த பிறகு, குழி மூடிய கையோடு கப்பல் ஏறினேன். அந்த ஆளை மறக்கக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு திட்டம் எதுவும் இல்லை.

பல வருஷம் சுற்றினேன். மீன் ஐஸ் உடைத்தேன், ரோட்டுக்குக் கல் சுமந்தேன். அந்த டாக்டர் அரசாங்க வேலையை விட்டு டவுனில், ஜங்லிகாட் பக்கம் சொந்தமாக ஒரு கிளினிக் வைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, விலங்குகளைப் பிடித்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

அங்கேதான் அந்தக் கான்ட்ராக்டர் வந்தார். இப்போது அதே டவுனில், லம்பா லைனில் வீடு. அதே விபூதி. ஆட்டோவிலிருந்து ஒரு கிழட்டு லாப்ரடாரைத் தூக்கி வந்தார். அதன் தாடை முழுக்கக் கட்டி, வாயை மூட முடியவில்லை.

"புள்ள மாதிரி வளத்தேன் மேடம்," என்று அழுதார். "அது படுற பாட்டப் பாக்க முடியல. ஊசி போட்டு அனுப்பி வச்சிருங்க."

என்னையும் டாக்டரையும் அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கு அவரைத் தெரிந்தது. மருந்து எடுக்க உள்ளே போன டாக்டரிடம் சொன்னேன்: "முடியாதுன்னு சொல்லுங்க மேடம். அதுவா போகட்டும்."

"நாய் உனக்கு என்னப்பா பண்ணுச்சு?"

நாய் ஒன்றும் பண்ணவில்லை. ஆனால் அந்த ஆளைச் சும்மா விட எனக்கு மனமில்லை.

எப்போதும் நான்தான் பிடிப்பேன். வளர்த்தவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுவார்கள். அவரும் கதவுப்பக்கம் திரும்பினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நீங்க பிடிங்க ஐயா."

"நானா? ஒன்ன எதுக்கு வச்சிருக்காக?"

"தாடை இப்படி இருக்கு, வாய்க்கட்டு போட ஏலாது. புதுக் கை பட்டா மெரளும்."

அதில் பாதி உண்மை. டாக்டர் என்னைப் பார்த்தார். ஊசியை எடுத்தார்.

கான்ட்ராக்டர் நாயின் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். அது வாலை ஆட்டியது. நான் அவர் காதோரம் குனிந்தேன்.

"மஞ்சள் குங்குமம் கொண்டாந்தீங்களா ஐயா?"

நிமிர்ந்தார். என் முகத்தில் தேடினார். ஹட் பேயும் செவலையும் அவருக்கு நினைவு வருவதை நான் நின்று பார்த்தேன்.

"வாய மூடு," என்றார் டாக்டர் என்னிடம். ஊசி இறங்கியது. நாய் ஒரு பெருமூச்சு விட்டு அவர் உள்ளங்கையில் கனத்தது. அவ்வளவுதான். செவலைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

"என் கையால..." என்று முனகினார்.

"ஆமா. உங்க கையாலதான்."

பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது.

"தண்ணி இருக்கா? சோப்பு?"

"இன்னைக்குத் தண்ணி விடுற நாள் இல்ல ஐயா. சோப்பும் தீந்துபோச்சு."

நிறைந்த டிரம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சோப்பு என் சட்டைப்பையில் இருந்தது. கைகளை உடம்பில் படாமல் விரித்து வைத்தபடியே அவர் ஆட்டோவுக்கு நடந்து போனார்.