ஓடையில் நட்ட குச்சி

1971ஆம் ஆண்டு செப்டம்பர் 25, புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. பழவேற்காட்டு ஏரியின்மேல் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. காற்றும் ஓய்ந்திருந்தது.

விடிவதற்கு முன்பே துலுக்காணம் தம் மனைவி செங்கம்மாளையும் ஒன்பது வயது மகள் சந்திரகலாவையும் அழைத்துக்கொண்டு, எளாவூருக்குக் கிழக்கேயுள்ள தம் குப்பத்திலிருந்து புறப்பட்டார். புரட்டாசியில் பாதி ஊர் பெருமாளுக்காகக் கவிச்சியை விட்டுவிடும். மீன் வாங்குவார் இல்லை. ஆகையால் அம்மாதத்தில் ஒரு நாள் ஏரிக்குப் போகாதிருப்பது நட்டமன்று. முந்தின கோடையில் மகளுக்குக் காமாலை கண்டிருந்தது. அவள் பிழைத்தால், எல்லைக்கு அப்பாலுள்ள மலைப் பெருமாளுக்கு மூவருமாக நடந்தேறிப் பொங்கலிடுவதாகச் செங்கம்மாள் வேண்டிக்கொண்டிருந்தார். எளாவூர்ச் சோதனைச் சாவடியில் ஆந்திராவுக்குப் போகும் லாரி ஒன்றில் ஏறி, மலையடிவாரத்துக்குப் பிரியும் சாலையில் இறங்கினர்.

குப்பத்தில் துலுக்காணத்துக்குத் 'தண்ணி தெரிஞ்சவர்' என்று ஒரு பெயர் உண்டு. ஏரியில் நீர் ஏறுமா, வற்றுமா என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் வலையைத் தொடுவார்கள். அவர் பார்க்கும் விதம் எளியது. நீர்விளிம்பில் ஒரு குச்சியை நடுவார். ஒரு பீடியைப் பற்றவைப்பார். அது தீர்வதற்குள் குச்சியில் ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நோக்குவார். ஏரி எதையும் சொல்லாமல் செய்வதில்லை. விரற்கடை விரற்கடையாகவே ஏறும். அவருடைய தகப்பனாரும் அப்படியே பார்த்தார். ஒரு நாளும் ஏமாந்ததில்லை.

மலை மூவருக்கும் புதிது.

"இன்னாமே, அதுக்குள்ள மூச்சு வாங்குது?"

"படகுல குந்திக்கினே வளந்த காலுய்யா இது. உன் பொண்ணப் பாரு, ஆட்டுக்குட்டி மாதிரி போய்க்கினு கீது."

முன்னே சென்ற சந்திரகலா திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "நைனா, மலை மேல மீன் கீதா?"

"பெருமாளாண்ட கேளு. அவரே ஒரு வாட்டி மீனா வந்தவர்தான்."

செங்கம்மாள் சிரித்துக்கொண்டே பொங்கல் பானையை இடுப்பு மாற்றிக்கொண்டார். உச்சியில் பொங்கலிட்டு, கற்பூரம் காட்டி, பிற்பகலில் இறங்கத் தொடங்கினர். பாதி வழியில் ஓர் ஓடை குறுக்கிட்டது. கணுக்காலளவு தெளிந்த நீர். நடுவே பாய் விரித்தாற்போல் ஒரு தட்டைப் பாறை. பானையைத் தேய்க்க அதைவிட நல்ல இடம் வேறில்லை என்று செங்கம்மாள் அதன்மேல் அமர்ந்தார். மகளும் கூடவே அமர்ந்தாள்.

தலையில் விறகுக்கட்டுடன் ஒரு முதியவள் கரைமீது வந்து நின்றாள்.

"நைனா, ஓடைல குந்தாதீங்க. அந்தாண்ட மலைல இடிக்குது."

துலுக்காணம் அண்ணாந்து பார்த்தார். மரங்களுக்கிடையே வானம் நீலமாகவே தெரிந்தது. "எங்க இடிக்குது? வானம் சுத்தமா கீதே."

"இங்க பாத்து இன்னா பண்ணுவே? தண்ணி அங்கேர்ந்து வரும்."

"நான் ஏரிக்காரன், ஆயா. எனக்கே தண்ணியப் பத்திப் பாடமா?"

"ஏரிக்காரனோ கடல்காரனோ, பொம்பளையக் கரையேத்து" என்று சொல்லிவிட்டு அவள் மேட்டில் ஏறி மறைந்தாள்.

செங்கம்மாளின் கை நின்றது. "அந்தம்மா சும்மாவா சொல்றாங்க? ஏந்துக்கலாம்யா."

துலுக்காணம் ஒரு குச்சியை ஒடித்து, நீர்விளிம்பில் மணலில் நட்டார். "இந்தா, நட்டுட்டேன். இது நனையட்டும், ஏந்துக்கலாம். நீ பானையத் தேய்."

கணவரின் குச்சியை நம்பித்தான் அவர் அத்தனை ஆண்டும் உலை வைத்தவர். மறுபேச்சுப் பேசாமல் தேய்த்தார். சந்திரகலா மட்டும் ஆவாரம்பூ பறிக்கக் கரையேறினாள். துலுக்காணம் பீடியைப் பற்றவைத்துக் குச்சியைப் பார்த்தார், ஈரம் ஏறவில்லை. பீடி பாதியாயிற்று; அப்போதும் ஏறவில்லை.

லாரி வருவது போன்ற ஓர் இரைச்சல் எழுந்தது. மலையில் லாரி ஏது என்று அவர் எண்ணி முடிப்பதற்குள் செம்மண் நிறத்தில், கிளைகளும் கற்களுமாக, ஆளுயரத்துக்கு நீர் வளைவைத் தாண்டி வந்தது. குச்சியில் அது ஏறவில்லை. குச்சியை அப்படியே கொண்டுபோயிற்று. பாறையும் மறைந்தது. துலுக்காணம் குதித்தார். ஏரி கடலில் கலக்கும் வாயையே நீந்திக் கடந்தவர்தாம். ஆனால் அந்த நீரில் நீந்துவதற்கு நீர் இல்லை, கற்களே இருந்தன. தோளெலும்பு முறிந்து கீழ்க்கரையில் ஒதுங்கினார். மேலே மகள் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தாள். செங்கம்மாளின் உடலை மறுநாள் காலையில் விறகுவெட்டிகள் கண்டெடுத்தார்கள்.

"தண்ணி தெரிஞ்ச உனக்கே இப்டின்னா, அது தலையெழுத்துப்பா" என்று குப்பத்தார் தேற்றினர். அந்தத் தேறுதலை அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கிழவி சொன்னதை அவர் எவரிடமும் சொல்லவில்லை, சந்திரகலாவும் சொல்லவில்லை. ஆனால் அவர் நீரருகே நின்றால் அவள் விலகியே நடந்தாள்.

தோள் கூடியபின், செங்கம்மாளின் தம்பி பூவராகவனுடன் அவர் ஏரிக்குப் போனார். வழக்கம்போல் குச்சியை நட்டார்.

"இன்னா மாமா, ஏறுதா எறங்குதா?"

குச்சியில் இரண்டு விரற்கடை ஈரம் ஏறியிருந்தது. கண் அதைக் கண்டது, வாய் திறக்கவில்லை. கண்டது மெய்தானா என்று அவருக்குத் தெரியவில்லை. வெயில் ஏறியது. நனையாத வலையோடு திரும்பினர். அதன்பின் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அவர் உப்பளத்தில் மூட்டை தூக்கினார். சந்திரகலா மாமன் வீட்டில் வளர்ந்தாள்.

1977இல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்பு உருக்காலை புதிதாக எழுந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த பூவராகவன் ஒரு நாள் ஓடிவந்தார்.

"தண்ணித் தொட்டியப் பாத்துக்க ஆள் தேடறாங்க, மாமா. நிரந்தர வேலை. குடியிருக்க ரூமும் தராங்க. பொண்ணக் கூட்டியாந்து கூட வெச்சுக்கலாம். நீ பேஜாரு பண்ணாத. தண்ணி தெரியுமான்னு சூப்பர்வைசர் கேப்பாரு; தெரியும்னு சொல்லு. அவ்ளோதான்."

மகளைத் தம் கூரையின்கீழ் வைத்துக்கொள்ள அதைவிட்டால் வேறு வழி வராது என்பது துலுக்காணத்துக்குத் தெரியும். சட்டையைத் துவைத்து உடுத்திக்கொண்டு போனார்.

மேற்பார்வையாளர் ஆசீர்வாதம் நல்ல மனிதர். தொட்டியருகே அவரே அழைத்துச் சென்றார். இடுப்பளவுச் சுவருக்குள் அசையாத நீர்; நடுவே ஓர் அளவுக்கம்பி நட்டிருந்தது. கம்பியின் கீழ்ப்பாதி ஈரமாகவும் மேற்பாதி உலர்ந்தும் இருந்தன.

"இதான் வேலை, பெரியவரே. ஈரம் எறங்கினா மோட்டாரப் போடணும், ஏறினா நிறுத்தணும். ஏரியில இதே மாதிரி குச்சி நட்டுப் பாப்பீங்களாமே, உங்க மச்சான் சொன்னாரு. தண்ணி தெரியும் இல்ல உங்களுக்கு?"

பூவராகவன் பின்னாலிருந்து முழங்கையால் இடித்தார். துலுக்காணம் கம்பியின் உலர்ந்த மேற்பாதியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாது, சார்."