அக்கா பிடித்து வைத்த சீட்

எங்கள் நூல் மில் பஸ்ஸில் வந்த அந்த அக்காவுக்குக் கட்டையான உடம்பு, கணீரென்ற குரல். பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து, சின்னாளப்பட்டியில் ஏறும் புதுப் பெண்ணுக்குத் தினமும் இடம் பிடிப்பார்.

சூப்பர்வைசர் அந்தப் பெண்ணின் இடுப்பில் கை வைத்ததிலிருந்து இப்படித்தான். "நீ ஒரு தப்பும் பண்ணல. மில்லு கமிட்டில புகார் குடு, நானும் கூட வாரேன்" என்று அக்கா அவளிடம் சொன்னது பின் சீட்டில் இருந்த என் காதிலும் விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதே ஆள் என்னிடம் அப்படி நடந்தபோது, பாத்ரூமில் அழுதுவிட்டு மறுபடி மெஷினில் போய் நின்றவள் நான்.

ஒரு நாள் அந்தப் பையைத் தூக்கி அக்கா மடியில் வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்தேன். "அவளுக்கு மட்டும் என்னக்கா இம்புட்டு?" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அக்கா என் பக்கம் திரும்பி, அந்தக் கணீர்க் குரலைத் தணித்துக் கேட்டார்.

"ஒன்கிட்டயும் அவந்தானா?"

யாரிடமும் நான் சொன்னதே இல்லை. எப்படித் தெரிந்ததோ, இன்றுவரை விளங்கவில்லை.

சின்னாளப்பட்டியில் அந்தப் பெண் ஏறினாள். "இன்னைக்கு ஒரு நாள் நின்னுக்க தாயி, இவகிட்டப் பேசணும்" என்றார் அக்கா.

அவள் கம்பியைப் பிடித்து நின்றதைப் பார்க்க எனக்கு அம்புட்டு சந்தோசமாக இருந்தது.