மாதாவின் நீல முக்காடு

கும்மிடிப்பூண்டியில் எந்த லாட்ஜ் மூடினாலும் அதன் பழைய நியான் போர்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். என் மனைவி ஜெபா அந்தக் குழாய்களைக் கம்பியில் கட்டி, ஒளிரும் சிலை செய்கிறவள். நண்டு செய்தாள், கொக்கு செய்தாள். பைத்தியம் என்று சிரித்தவர்களே இப்போது பக்கத்தில் நின்று செல்பி எடுக்கிறார்கள். ஊர் வாய்தானே, விடுங்கள்.

சிவப்புக் குழாயை அலட்சியமாகத் தூக்குவாள். நீலத்தைத் தொட்டால் மட்டும் முகம் மாறிவிடும். அதற்குள் பாதரசம் இருக்கிறது.

ஆரம்பாக்கத்து மாதா கோயில் திருவிழாவுக்கு ஆறடி மாதா கேட்டார்கள். முக்காடு நீலமாகத்தான் இருக்க வேண்டும் என்றார் கமிட்டித் தலைவர் பாக்கியநாதன். நீலக் குழாய்களை வெட்டாமல், கிடைத்த வளைவிலேயே பொருத்தி முடித்தாள்.

கொடியேற்றத்தன்று காலை சிலையை நிறுத்தும்போது பிடியை நழுவவிட்டது சாட்சாத் நான்தான். விருந்துக்குக் கூட்டியிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நீலக் குழாய் விழுந்து நொறுங்கியது. கண்ணாடி உடைந்தால் நம் ஆட்கள் முதலில் தேடுவது துடைப்பத்தை. நானும் எடுத்தேன்.

“யோவ், தொடப்பத்த கீழ போடு! பெருக்குனா எல்லா எடமும் பரவும்!” என்று கத்தினாள் ஜெபா. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்களை எழுப்பித் தூரமாக அனுப்பினாள். “அடுப்ப பத்த வெக்காதீங்க. சூடு பட்டா வெசம் ஆவியாயிடும். அண்டாவ அந்தாண்ட தூக்குங்க.”

பாக்கியநாதனுக்குக் கோபம் தலைக்கேறியது. “இன்னா ஜெபா, ஃபாதர் வந்துகினு இருக்காரு. முந்நூறு பேருக்கு ஆக்கணும். வாரி ஏரில கொட்டிட்டு வேலைய பாரும்மா.”

“அந்த ஏரி மீன யாருண்ணே துன்றது?”

ஜெபா மண்டியிட்டு, பாதரச முத்துகளை ஓர் அட்டையால் தள்ளி பாட்டிலில் சேர்த்தாள். மேல்மண்ணை ஒரு சாண் ஆழம் வெட்டி மூடி போட்ட வாளியில் அடைத்தாள். சோறு இரண்டு மணி நேரம் தாமதம். சாபம் விடாதவர் இல்லை. அன்று மாலை மாதாவின் முக்காடு ஒரு பக்கம் இருட்டாகவே நின்றது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது; அவளோ நிமிர்ந்து நின்றாள்.

பாட்டிலும் வாளியும் இன்னும் எங்கள் ஷெட்டில் பூட்டிக் கிடக்கின்றன. எங்கே கொடுப்பது என்று மூன்று இடத்தில் கேட்டாயிற்று, வாங்க ஆளில்லை. அதற்கு ஒரு வழி தெரியும்வரை நீலத்தைத் தொடுவதில்லை என்றுவிட்டாள்.

போன வாரம் பாக்கியநாதன் வீடு தேடி வந்தார்.

“அடுத்த வருசத்துக்கும் மாதா வோணும். முழுக்க செவப்பாவே செஞ்சிடு.”

“மாதாவுக்கு செவப்பு முக்காடா? ஊரு பேசுமேண்ணே.”

“பேசட்டும். அன்னிக்கி வெங்காயம் உரிச்சிகினு இருந்ததுல எம் பொண்ணும் ஒருத்தி. அப்போ அவுளுக்கு ஆறாம் மாசம்.”